இரண்டு சாவியும் ஒரே இடுப்பில்

வாசகர் கடிதம்:

டாக்டருக்கு வணக்கம். எனக்கு 56 வயது. கிருஷ்ணகிரியில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் தலைமை மேலாளர். ஓய்வுக்கு இன்னும் நான்கு வருஷம். மனைவிக்கு 54. வீட்டிலேயே தையல் வேலை பார்த்தவள். எங்கள் வீட்டுக்கு நிதியமைச்சர் அவள்தான். யாருக்கு எவ்வளவு மொய் எழுதினோம், யார் நமக்கு எவ்வளவு எழுதினார்கள் என்பதை நோட்டைப் பார்க்காமலே சொல்வாள். மூன்று வருஷத்துக்கு முன் காவேரிப்பட்டணத்தில் ஒரு கல்யாணத்தில் 2,000 ரூபாய் மொய் எழுதினாள். பந்தி முடிந்ததும் போய் இன்னொரு 2,000 எழுதினாள். அன்று சிரித்தோம். ஒன்றரை வருஷத்துக்கு முன் பெங்களூரில் எல்லாப் பரிசோதனையும் செய்து அல்சைமர் என்றார்கள்.

போன வருஷம் அவள் கணக்கிலிருந்து 64,000 ரூபாய் போய்விட்டது. யாரிடமோ ஓடிபி சொல்லியிருக்கிறாள். அதே எச்சரிக்கையைக் கிளை வாசலில் பலகையாக மாட்டியிருப்பவன் நான். வெட்கத்தில் புகார்கூடக் கொடுக்கவில்லை. அலுவலகத்தில் கேட்பவர்களிடம் மனைவிக்கு பிபி என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவளுக்குப் பிறந்த ஊர் வேப்பனப்பள்ளிப் பக்கம், வீட்டில் தெலுங்கு. இப்போது என்னிடமும் பாதி நேரம் தெலுங்கில்தான் பேசுகிறாள். எனக்கு அது அரைகுறை. சாயங்காலமானால் "அம்மா வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்பிவிடுகிறாள். அவள் அம்மா போய்ச்சேர்ந்து 12 வருஷமாகிறது.

அடுத்த பதவி உயர்வுக்கு நேர்காணல் வந்திருக்கிறது. கிடைத்தால் வடக்கே எங்காவது போடுவார்கள். போகலாமா, அல்லது விருப்ப ஓய்வு வாங்கிவிடலாமா? அவள் பெயரில் அப்பா கொடுத்த இரண்டு ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே அதை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாமா? மகன் புனேயில் இருக்கிறான். மகள் ஓசூரில், கைக்குழந்தையோடு. இரண்டு பேருக்கும் தொந்தரவு கொடுக்க விருப்பமில்லை.

மார்ச் 31 இரவு பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையைப் பிடித்து உள்ளே இழுத்ததில் வளையல் உடைந்து ரத்தம் வந்துவிட்டது. இப்போதெல்லாம் இரவில் சளிக்கு வாங்கிவைத்த மாத்திரை ஒன்று கொடுக்கிறேன், தூங்கிவிடுகிறாள். வேலைக்கு வரும் அம்மா மதியம் ஒரு மணிக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.

பதில்:

சார், நீங்கள் கேட்ட கேள்விகள் மூன்று. வேலை, பதவி, தோப்பு. மூன்றுக்கும் பதில் இருக்கிறது. ஆனால் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். அதைக் கேள்வியாகக்கூட நீங்கள் எழுதவில்லை.

மதியம் ஒரு மணிக்குப் பூட்டினால் நீங்கள் வந்து திறக்க எத்தனை மணியாகும்? கேஷ் முடிந்து, கணக்கு நேராகி, பெட்டகம் பூட்டி, வீடு வர ஏழோ எட்டோ. ஆறேழு மணி நேரம் உள்ளே ஒரு ஆள், ஒரு கேஸ் அடுப்பு, ஒரு தையல் மெஷின், குளியலறையில் உள்தாழ்ப்பாள். அவர் விழுந்தாலும், அடுப்பை மூட்டிவிட்டு மறந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே வர வழியில்லை. உங்களைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் என் அறைக்கு வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். பெரும்பாலும் அன்பான ஆட்கள். தொலைந்துபோய்விடுவாரே என்ற பயம்தான் பூட்ட வைக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் தருமபுரியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வாசல் கதவின் உட்புறம், தாழ்ப்பாளுக்கு ஒரு சாண் மேலே, பச்சைப் பெயிண்ட் போய் மரம் தெரிந்தது. வட்டமாக, வழவழப்பாக. கீறல் எதுவும் இல்லை. உள்ளங்கையால் தட்டித் தட்டியே தேய்ந்த இடம். அந்த வீட்டு மகன் நாலு மாதமாகப் பூட்டியிருந்தார். கதவின் வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்துப் பழகியதால் அவருக்கு அது கண்ணில் படவே இல்லை.

இன்றே நிறுத்துங்கள் என்று சொன்னால் நாளை மதியம் என்ன செய்வீர்கள் என்று எனக்கும் தெரியும். அதனால் முதலில் மதியம் ஒன்றிலிருந்து இரவு எட்டு வரை இருக்க ஒரு ஆள் பாருங்கள். ஆள் கிடைக்கும்வரை மகளை வரச்சொல்லுங்கள், அல்லது லீவு போடுங்கள். உங்களிடம் லீவு மலைபோல் குவிந்து கிடக்கும் என்பது என் ஊகம். மேனேஜர்கள் லீவு எடுப்பதில்லை.

ஆள் பார்க்கும்போது நர்சிங் படித்திருக்கிறாரா என்று முதலில் கேட்காதீர்கள், தெலுங்கு தெரியுமா என்று கேளுங்கள். இரண்டு மொழி பேசி வளர்ந்தவர்களில் பலருக்கு இந்த நோயில் பின்னால் கற்ற மொழி முதலில் நழுவும். தாய்மொழி நெடுநாள் தங்கும். உங்கள் மனைவி உங்களை ஒதுக்குவதற்காகத் தெலுங்கு பேசவில்லை. கையில் மிச்சமிருப்பதை எடுத்துச் செலவு செய்கிறார், அவ்வளவுதான். கிருஷ்ணகிரியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் புழங்குகிற ஊர் என்பதால் இந்த விஷயத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலி. சென்னையில் இருந்திருந்தால் நான் இவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்க மாட்டேன். வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்தே ஒரு நடுத்தர வயது அம்மா கிடைப்பார். களி கிளறத் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. பழகிய சாப்பாடு, பழகிய பேச்சு இரண்டும் பாதி மருந்து.

"அம்மா வீட்டுக்குப் போகணும்" என்ற பேச்சுக்கு வருகிறேன். இந்த நோயில் பொழுது சாயும்போது குழப்பம் கூடுவது வழக்கம். வெளிச்சம் குறைகிறது, நாள் முழுக்க மூளை பட்ட களைப்பு சேர்கிறது, தெருவில் எல்லோரும் எங்கோ திரும்பிப் போகிற நேரம். அவருக்கும் வீட்டுக்குப் போகவேண்டும்போல் இருக்கிறது. அது வேப்பனப்பள்ளி வீடாக இருக்கலாம். பயமில்லாமல் இருந்த ஏதோ ஒரு காலமாகவும் இருக்கலாம். அப்போது நீங்கள் "உங்க அம்மா செத்து 12 வருஷமாச்சு" என்று சொல்கிறீர்கள், இல்லையா? கடிதத்தில் இல்லை, ஆனால் எல்லோரும் சொல்வதுதான். நமக்கு அது நினைவூட்டல். அவருக்கு அது ஒவ்வொரு தடவையும் புதிதாக வந்த சாவுச் செய்தி. செவ்வாய்க்கிழமை ஒரு தடவை அழுவார், புதன்கிழமை மறுபடி முதலிலிருந்து. திருத்தாதீர்கள். "அம்ம ஏம் வண்டிந்தி?" என்று கேளுங்கள், அம்மா என்ன சமைத்திருப்பார் என்று. அந்தப் பேச்சிலேயே பத்து நிமிஷம் போகும். செருப்புப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை கூட நடந்து திரும்பி வாருங்கள். பாதி நாள் அந்த நடையே வீட்டுக்குப் போய்வந்த மாதிரி ஆகிவிடும்.

உங்களுக்குக் கேஷ் டேலி ஆகிற நேரமும் அவருக்குப் பொழுது சாய்கிற நேரமும் ஒன்றாக இருப்பதுதான் இதில் பெரிய சிக்கல். நீங்கள் கிளையில் ஐந்நூறு ரூபாய் வித்தியாசத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவர் பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

அந்த வளையல். நீங்கள் எழுதாமல் விட்டிருக்கலாம், எழுதியிருக்கிறீர்கள். அதனால் மழுப்பாமல் சொல்கிறேன்: அது அடித்ததற்குப் பக்கத்தில் வந்த விஷயம். நீங்கள் கெட்டவர் ஆகிவிட்டீர்கள் என்று நான் நினைக்கவில்லை. பதினாலு மணி நேர வேலை முடித்து வந்த ஆளுக்கு மிச்சம் எதுவும் இல்லை. ஆனால் அடுத்த மார்ச்சும் வரும், அதற்கு முன்னால் செப்டம்பர் அரையாண்டு முடிவும் வரும். கோபம் தலைக்கு ஏறும்போது திண்ணைக்கோ மாடிக்கோ போய்விடுங்கள், பத்து நிமிஷம். அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் அந்தப் பத்து நிமிஷத்தில் எதுவும் ஆகிவிடாது. கண்ணாடி வளையலைக் கழற்றி ரப்பர் வளையலோ மெல்லிய பித்தளையோ போடுங்கள். உள்ளே ஊர்பேரும் உங்கள் கைபேசி எண்ணும் பொறித்த காப்பு ஒன்று செய்தாலும் சரி. இரவில் யாரிடமாவது பேசியாகவேண்டும் என்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலிமனாஸ் என்கிற இலவச மனநலச் சேவை. தமிழிலும் பேசலாம், தெலுங்கிலும் பேசலாம். நோயாளிக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள், உங்களுக்காகவும்தான்.

இரவில் கொடுக்கிற சளி மாத்திரையை நிறுத்துங்கள். இதில் பேச்சே இல்லை. தூக்கம் வரவைக்கிற பழைய அலர்ஜி மாத்திரைகளில் பல, மூளையில் நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைத் தடுப்பவை. இந்த நோய்க்குத் தருகிற டொனெபெசில் போன்ற மருந்து அதையே கூட்டுவதற்காகக் கொடுக்கப்படுவது. காலையில் குழாயைத் திறந்துவிட்டு இரவில் அடைக்கிற கதை. தூக்கம் கெடுவது உண்மையான பிரச்சினைதான், அதற்கு அவரைப் பார்க்கிற மருத்துவரிடமே வேறு வழி கேளுங்கள். இன்னொன்று: மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தவர் திடீரென்று இரண்டு நாளில் மோசமானால் அதை நோயின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் குடிக்காதது, தலையில் பட்ட அடி இவற்றில் ஒன்றாக இருக்கலாம். அன்றே காட்டுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

விருப்ப ஓய்வு வேண்டாம், இப்போதைக்கு. இருபது வருஷ சேவை முடித்தவர் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்துப் பென்ஷனோடு போகலாம் என்ற விதியெல்லாம் நீங்கள் எனக்குச் சொல்லித்தரவேண்டியது. நான் சொல்ல வருவது வேறு. இது எட்டு, பத்து வருஷம் ஓடக்கூடிய நோய். 65 வயதுக்கு முன்னால் வந்திருப்பதால் இளவயது டிமென்ஷியா என்போம். முதுமை மறதி என்று நாம் எழுதுகிற பெயர் 54 வயதுக்காரருக்குப் பொருந்தவே இல்லை, வேறு நல்ல சொல் இன்னும் கிடைக்கவில்லை. உங்கள் மனைவியின் உடம்பு திடமாக இருக்கும். நடப்பார், வெளியே போவார், பலமாக எதிர்ப்பார். பின்னால்தான் படுக்கை. பெரிய செலவும் பெரிய உழைப்பும் அந்தப் பின்பாதியில் இருக்கிறது. முதல் பாதியிலேயே சம்பளத்தையும் லீவையும் தெம்பையும் தீர்த்துவிட்டு உட்கார்ந்தால் அப்போது கையில் எதுவும் இருக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. வேலையை விட்டுவிட்டு இருபத்துநாலு மணி நேரமும் துணையைப் பார்த்துக்கொள்ள உட்கார்ந்த ஆண்கள் சிலரைப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதத்தில் அவர்களும் எனக்கு நோயாளிகளாகிவிட்டார்கள். முப்பது வருஷம் ஐம்பது பேருக்கு நடுவே வேலை செய்தவருக்கு, ஒரே கேள்வியை நாற்பது தடவை கேட்கிற ஒருவரோடு நாலு சுவருக்குள் இருப்பது சாதாரண விஷயமில்லை. பெண்களுக்கு மட்டும் அது சாதாரணமா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அவர்களை நாம் கேட்பதே இல்லை.

பதவி உயர்வும் வேண்டாம். இதை எழுதும்போது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நீங்கள் உழைத்துச் சேர்த்தது அது. ஆனால் வடக்கே ஒரு புது ஊர், புதுக் குடியிருப்பு, கழிவறை இடதுபக்கமா வலதுபக்கமா என்று தெரியாத ஒரு வீடு என்றால், இப்போது பழக்கத்தினால் மட்டும் அவர் செய்துகொண்டிருக்கிற எத்தனையோ காரியம் ஒரு வாரத்தில் போய்விடும். அவருக்கு இன்றைக்கு ஞாபகத்தின் வேலையைச் செய்வது அந்த வீட்டின் சுவர்கள்தான். அவரை இங்கே விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போவது என்றால் மறுபடி பூட்டுதான்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது. கிளைத் தலைமையை விட்டு, கேஷ் பொறுப்பில்லாத, நேரத்துக்குக் கிளம்ப முடிகிற ஒரு நாற்காலியைக் கேளுங்கள். வட்டார அலுவலகமோ, கடன் பரிசீலனைப் பிரிவோ, உங்கள் அமைப்பில் எதெல்லாம் உண்டோ அது. கேட்பதற்கு முதலில் அந்த பிபி கதையைக் கைவிடவேண்டும். மேலதிகாரியிடம் நோயின் பெயரைச் சொல்லுங்கள். அல்சைமர் என்ற ஒரு சொல்லை வாய்விட்டுச் சொல்ல ஒன்றரை வருஷம் ஆகியிருக்கிறது உங்களுக்கு. சொன்ன பிறகு அந்த அறையில் அவருடைய மாமனாருக்கோ அத்தைக்கோ இதே கதை இருப்பது தெரியவந்தால் ஆச்சரியப்படாதீர்கள். மாற்றுத்திறனுள்ள துணையைப் பராமரிக்கிற மத்திய அரசு ஊழியருக்கு வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்குத் தரும் உத்தரவு உண்டு. உங்கள் வங்கியின் இடமாற்றக் கொள்கை அதை எப்படி எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். அதற்கு மாற்றுத்திறன் சான்று வேண்டும். இந்த நோய்க்கும் அந்த மதிப்பீடு உண்டு, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் விசாரியுங்கள். பழைய வரிமுறையில் இருந்தால் வருமான வரிக் கழிவுக்கும் அதே சான்று உதவும்.

இனி தோப்பு. இதில் கொஞ்சம் அதிகமாகவே பேசப்போகிறேன். இந்தப் பக்கத்திலிருந்து பார்க்க உங்களுக்கு வாய்ப்பு இருந்திருக்காது.

மாதம் ஒரு தடவையாவது யாராவது ஒரு பெரியவரைக் காரில் அழைத்து வருவார்கள். வண்டி எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். "அம்மா நல்லாத்தான் இருக்காங்க டாக்டர், சார்பதிவாளர் ஆபீஸ்ல கேட்பாங்க, சுயநினைவோட இருக்காங்கன்னு ஒரு லெட்டர் மட்டும்." நான் எல்லோரையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அந்த அம்மாவிடம் நாலு கேள்வி கேட்பேன். உங்களிடம் என்ன சொத்து இருக்கிறது? பிள்ளைகள் யார் யார்? இப்போது யாருக்கு எதைக் கொடுக்கப்போகிறீர்கள்? கொடுத்தபின் உங்களுக்கு மிஞ்சுவது என்ன? தேதி, கிழமை தெரியாவிட்டாலும் இந்த நாலுக்கும் தெளிவாகப் பதில் சொல்கிறவர்கள் உண்டு. தேதியெல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு நாலாவது கேள்வியில் திகைத்துப்போகிறவர்களும் உண்டு. கையெழுத்துப் போடும் நிலை என்று நீங்கள் எழுதியிருப்பது விரல் பேனாவைப் பிடிப்பதை. சட்டம் கேட்பது அந்த நாலாவது கேள்வியை.

அதனால், உங்கள் பெயருக்கு மாற்றாதீர்கள். பயன்பெறப்போகிறவரே கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் போடவைத்த கையெழுத்து, நாளை மைத்துனரோ வேறு யாரோ கேட்டால் நிற்காது. நிற்காததைவிடப் பெரிய விஷயம், அந்தத் தோப்பு அவருடையது. அவருக்கு என்ன விருப்பம் என்று கேட்டீர்களா? கடிதத்தில் அந்த வரி இல்லை. காலையில் கேளுங்கள், பத்து பதினொரு மணிக்கு, அவர் தெளிவாக இருக்கிற நேரத்தில், தெலுங்கு தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு. உயில் எழுத ஆசைப்பட்டால், உங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு வழக்கறிஞர், அன்றைய தேதியில் மருத்துவர் பரிசோதித்துத் தந்த குறிப்பு, பயன்பெறாத இரண்டு சாட்சிகள், முடிந்தால் பதிவு. புத்தி தெளிந்திருக்கிற நேரத்தில் செய்தது செல்லும் என்று சட்டமே இடம் கொடுக்கிறது. அந்த நேரம் மாதத்துக்கு மாதம் சுருங்கிக்கொண்டிருக்கிறது, அது வேறு விஷயம். குத்தகைப் பணம் இருவர் பெயரிலும் உள்ள கணக்குக்கு வரட்டும்.

பவர் பத்திரம் எழுதிக்கொண்டால் போதும் என்று உங்கள் வாடிக்கையாளர் யாராவது சொன்னால் நீங்கள் திருத்துவீர்கள் என்று நம்புகிறேன். 1872-ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டம் 201-வது பிரிவுப்படி, கொடுத்தவருக்குப் புத்தி தெளிவு போனால் பவரும் முடிந்துபோகிறது. அதாவது எப்போது தேவையோ அப்போது இருக்காது. நாமினியும் உதவாது, அவர் வேலை மரணத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது. உயிரோடு இருந்து, முடிவெடுக்க முடியாமல் இருக்கிறவரின் சொத்தை யார் நிர்வகிப்பது என்பதற்கு இந்த நோய்க்கென்று நேரான சட்டம் நம்மிடம் இல்லை. உயர்நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டியிருக்கிறது. 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம் கோமாவில் இருந்த ஒருவரின் மனைவியைப் பாதுகாவலராக நியமித்து, அவர் சொத்தை விற்றுச் செலவு பார்க்க அனுமதித்தது. அந்த நிலைக்கு வருமுன் கணக்குகளை "இருவரில் எவரும் அல்லது உயிரோடிருப்பவர்" என்ற முறைக்கு மாற்றுங்கள், அவர் புரிந்து சம்மதிக்கும்போதே.

நீங்கள் யோசித்திராத ஒன்று. நீங்கள் முந்திப் போய்விட்டால்? குடும்ப ஓய்வூதியம் அவர் கணக்குக்கு வரும். எடுப்பது யார்? நாமினி யார் என்று எல்லாப் படிவத்திலும் எழுதியிருப்பீர்கள். உங்களுக்கு அடுத்து அவரைப் பார்த்துக்கொள்வது யார் என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. அதை மகனையும் மகளையும் எதிரே உட்காரவைத்து நீங்கள்தான் கேட்கவேண்டும்.

"இரண்டு பேருக்கும் தொந்தரவு கொடுக்க விருப்பமில்லை." உங்கள் பெட்டகத்துக்கு எத்தனை சாவி, சார்? இரண்டு. இரண்டு பேரிடம். ஜாயின்ட் கஸ்டடி. ஒரே ஆளிடம் இரண்டும் இருந்ததாக இன்ஸ்பெக்‌ஷனில் தெரிந்தால் உங்கள் வேலைக்கே ஆபத்து. அந்த ஆள் திருடிவிடுவார் என்பதற்காக மட்டுமா அந்த விதி? அவருக்குக் காய்ச்சல் வந்தால் மறுநாள் கிளை திறக்காது என்பதற்காகவும்தானே. வீட்டில் மட்டும் இரண்டு சாவியையும் நீங்களே இடுப்பில் செருகிக்கொண்டு ஒன்றரை வருஷமாக நடக்கிறீர்கள்.

மகளுக்குத் தொந்தரவா இல்லையா என்பதை மகள் சொல்லட்டும். கைக்குழந்தைக்காரி, தினமும் ஓசூரிலிருந்து வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை வரலாம், அன்று நீங்கள் வெளியே போங்கள். கே.ஆர்.பி. அணைப் பக்கம் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தாலும் சரி. மகனை விட்டுவிடாதீர்கள். நம் வீடுகளில் அம்மாவின் நோய் தானாகவே மகள் கணக்கில் பற்று எழுதப்பட்டுவிடுகிறது, மகன் ஞாயிறு தோறும் போனில் "சாப்டாங்களா" என்று கேட்பதோடு சரி. புனேயிலிருந்தே அவர் செய்யக்கூடியது நிறைய: மாத்திரை தீருமுன் வரவழைப்பது, கணக்குகளின் குறுஞ்செய்தியைக் கவனிப்பது, சாயங்காலம் ஐந்தரைக்கு வீடியோவில் அம்மாவோடு பேசுவது. அப்புறம் வருஷத்துக்குப் பத்து நாள் நேரில் வந்து தங்குவது, நீங்கள் இல்லாமல். அந்தப் பத்து நாளில் அவருக்குப் புரிவது பத்து வருஷம் நீங்கள் போனில் சொன்னாலும் புரியாது.

தெருமுனை டீக்கடையிலும் பேருந்து நிலையத்தில் வேப்பனப்பள்ளி வண்டி நடத்துநர்களிடமும் அவர் புகைப்படத்தைக் காட்டி உங்கள் எண்ணைக் கொடுத்துவையுங்கள். அவர் கிளம்பினால் போகிற திசை தெரிந்ததுதானே. அது பெரிய வசதி. படுக்கை நிலை வரும் காலத்தில் வீடு தேடி வருகிற நோய்தணிப்புச் செவிலியரும் பிசியோதெரபியும் மக்களைத் தேடி மருத்துவத்தில் உண்டு. 2021 ஆகஸ்டில் உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் அந்தத் திட்டத்தையே தொடங்கினார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போதே பெயரைச் சொல்லிவைக்கலாம்.

அந்த 64,000. பணத்தைக் கையாளும் திறன்தான் பல பேருக்கு இந்த நோயில் முதலில் ஆட்டம் காண்கிறது, பெயர் மறப்பதற்கும் முன்னாலேயே. காவேரிப்பட்டணத்தில் நீங்கள் பார்த்தது அதைத்தான். உங்கள் கவுண்டருக்கு மூன்றாவது தடவை பாஸ்புக் தொலைந்தது என்று வருகிற வயதானவரை இனிமேல் வேறு கண்ணோடு பார்ப்பீர்கள். 1930 என்ற இணைய மோசடிப் புகார் எண்ணை வாடிக்கையாளர்களுக்கு மனப்பாடமாகச் சொல்கிறவர், வீட்டுக்கு என்று வந்தபோது கூப்பிடவில்லை. அந்தப் பணம் இப்போது திரும்ப வாய்ப்புக் குறைவு. ஆனாலும் புகாரைப் பதிந்துவிடுங்கள். அவர் கணக்கின் நெட் பேங்கிங்கை நிறுத்தி, குறைந்த தொகை மட்டும் இருக்கிற கணக்கு ஒன்றை அவர் கையில் விடுங்கள். கைப்பையில் பத்து ரூபாய், இருபது ரூபாய் நோட்டுகள் கொஞ்சம் எப்போதும் இருக்கட்டும். நிதியமைச்சராக இருந்தவரின் பை காலியாக இருக்கக்கூடாது.

அந்த மொய் நோட்டு இன்னும் இருக்கிறதா? இருந்தால் பீரோவிலிருந்து எடுத்து வெளியே வையுங்கள். வரப்போகிற அம்மாவிடம் சொல்லுங்கள், சாயங்காலம் நாலரைக்கு, அதாவது கிளம்பவேண்டும் என்ற எண்ணம் வருவதற்கு அரை மணி முன்னால், விளக்கைப் போட்டுவிட்டு இருவரும் நோட்டோடு உட்காரட்டும் என்று. பழைய பக்கங்களாகப் பாருங்கள், இருபது வருஷத்துக்கு முந்தையவை. அந்தப் பெயர்களில் பாதியாவது அவரிடம் இருக்கும். தவறாகச் சொன்னால் திருத்தவேண்டாம். பக்கத்தில் ஒரு கட்டு மொய்க் கவரும் ஒரு கிண்ணம் ஒரு ரூபாய் நாணயமும் வையுங்கள். ஒரு கவருக்கு ஒரு நாணயம் போடுகிற வேலையை அவர் கை தானாகச் செய்யும் என்று நினைக்கிறேன். எல்லாம் போட்டு முடித்தபின் மறுநாளைக்கு அந்த அம்மா நாணயங்களை எடுத்துக் கிண்ணத்தில் திரும்பப் போட்டுவைத்தால் போதும்.